முன்னச்சும் முன்பாரமும்

சிங்கப்பூரில் நடவுக்குத் தயாரான ஒரு மரத்தை வேர்மண்ணோடு நகர்த்துவது எளிய வேலையல்ல. 60 செ.மீ. அகலமும் 50 செ.மீ. ஆழமும் உள்ள வேர்மண் கட்டி மழை குடித்திருக்கும்போது 200 கிலோவைத் தாண்டிவிடும். காற்றில் முறிந்து விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளை 40 செ.மீ. தடிமன் இருந்தால், அதில் ஒரு மீட்டர் துண்டே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். பத்தாண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நடும் இயக்கத்தைத் தேசியப் பூங்காக் கழகம் 2020இல் தொடங்கியது. அந்த மரங்களும் மண்மூட்டைகளும் கற்பாளங்களும் யாரோ ஒருவர் தூக்கித்தான் இடம் மாறுகின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த ஊழியர்.

கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத்துத் தோட்டங்களில் பாதைகள் குறுகல், மண் இளகல். ஃபோர்க்லிஃப்ட் நனைந்த மண்ணில் புதைந்துவிடும். லாரி கிரேனைக் கன்றுப் பாத்திகளுக்கு நடுவே கொண்டுபோக முடியாது. புல் வெட்டவும் சிறு டிரெய்லர் இழுக்கவும் வாங்கிய தோட்ட டிராக்டர் மட்டும் எங்கும் நுழையும். அதன் மூக்கில் ஒரு ஃபோர்க்கோ சிறிய பக்கெட்டோ வைத்து, 12 வோல்ட் விஞ்சோ ஹைட்ராலிக் சிலிண்டரோ பொருத்தினால் முதுகு தப்பிக்குமே என்ற எண்ணம் வருவது இயல்பு. முதுகெலும்பைக் காப்பாற்ற நினைக்கும் அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். அப்படிச் செய்தவர்கள் சில நாட்களில் முன்சக்கரங்கள் கீழே விரிந்து சாய்வதைப் பார்க்கிறார்கள். அடுத்து அவர்கள் கேட்பது, முன்னச்சை எப்படிப் பலப்படுத்துவது என்பதுதான்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை முழுதாக எடுத்துப் பார்க்கிறது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முன்னச்சைப் பலப்படுத்துவது தேவையான வேலைதான். ஆனால் அதை மட்டும் செய்தால் வண்டி முன்பைவிட ஆபத்தானதாகிவிடும். வளைகிற அச்சு எச்சரிக்கை தருகிறது. கவிழ்கிற வண்டி தருவதில்லை.

தோட்ட டிராக்டர் என்ற வகை பிறந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய அமெரிக்காவில். புறநகர் வீடுகளின் பெரிய புல்வெளிகளுக்காக வீல் ஹார்ஸ் போன்ற சிறிய கம்பெனிகள் தொடங்கின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் கப் கேடட்டையும், ஜான் டீர் 1963இல் 110 மாடலையும் கொண்டுவந்தன. புல் வெட்டுவது, இழுப்பது, சிறிய கலப்பை பிடிப்பது ஆகியவையே இவற்றின் வேலைகள். கியர் பெட்டியையும் ஓட்டுநரையும் தாங்கும் பின்பக்கம் கனமாக இருக்கும். முன்பக்கத்துக்கு வண்டியின் மூக்கைத் தாங்கித் திருப்புவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆகவே அங்கே இரும்பைக் குறைத்தார்கள். அது பிழையல்ல, அந்த வேலைக்கு அவ்வளவு போதும். இந்தியாவில் 15 முதல் 25 குதிரைத்திறனில் வரும் மினி டிராக்டர்கள் இதைவிட உறுதியானவை. வயலுக்கும் தோப்புக்கும் இடைப்பட்ட வேலைகளுக்காக வந்தவை அவை. ஆனால் மூக்கில் பளு தூக்குவது அவற்றிலும் பெரும்பாலும் முதன்மை வேலையாகக் கருதப்படவில்லை.

முன்பக்கத்தின் உறுப்புகளை வரிசையாகப் பார்த்தால் எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்பது தெரியும். நடுவில் சென்டர் பின். அதில் தொங்கி, மேடுபள்ளத்துக்கு ஏற்ப இருபுறமும் ஆடும் அச்சுக்கட்டை. அதன் இரு முனைகளிலும் நிமிர்ந்து நிற்கும் குழாய்களுக்குள் திரும்பும் ஸ்டப் ஆக்சில். அதிலிருந்து வெளியே நீளும், சக்கரம் மாட்டப்படும் விரல் போன்ற தண்டு. அதன் மேல் புஷ் அல்லது பேரிங். இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராட். இவை எல்லாவற்றையும் சுமப்பது மடித்த தகட்டால் ஆன சேசிஸின் முன்முனை.

சக்கரம் மாட்டப்படும் தண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்த வகை வண்டிகளில் 19 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம், என்பது சாதாரணமாகக் காணப்படும் அளவு. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 400 கிலோ என்றும், அதில் 160 கிலோ முன்னாலும் 240 கிலோ பின்னாலும் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையே 1.2 மீட்டர். மூக்கில் 70 கிலோ எடையுள்ள தூக்குச் சட்டம் மாட்டுகிறோம். அதன் எடை முன்னச்சுக்கு அரை மீட்டர் முன்னால் நிற்கிறது. அதன் நுனியில், முன்னச்சிலிருந்து 90 செ.மீ. தள்ளி, 150 கிலோ பளு.

பள்ளிக்கூட நெம்புகோல் கணக்கைப் போட்டால் முன்னச்சின் மேல் விழுவது 160உம் 70உம் 150உம் சேர்ந்த 380 கிலோ அல்ல, சுமார் 520 கிலோ. பளு தானும் அமர்ந்து, பின்பக்க எடையிலும் ஒரு பங்கைத் தூக்கி முன்னால் கொண்டுவந்து போடுகிறது. பின்னச்சில் மிஞ்சுவது 100 கிலோவுக்கும் குறைவு. ஒவ்வொரு முன்சக்கரத்தின் கீழும் 260 கிலோ. சக்கரத்தின் நடுக்கோடு தண்டு தொடங்கும் இடத்திலிருந்து 75 மி.மீ. தள்ளி நின்றால், 19 மி.மீ. தண்டின் அடியில் ஏற்படும் வளைவுத் தகைவு 280 மெகா பாஸ்கலைத் தாண்டும். சாதாரண மைல்டு ஸ்டீல் 250இல் நிரந்தரமாக வளைந்துவிடும். இது அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஒரு வேரின் மேலோ வடிகால் மூடியின் மேலோ சக்கரம் ஏறி இறங்கினால் அதிர்ச்சி இதை இரண்டு மடங்காக்கும்.

இதே தண்டை 25 மி.மீ. ஆக்கினால் தகைவு 125க்கு இறங்கிவிடுகிறது. விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, வலு இரண்டே கால் மடங்காகிவிட்டது. உருண்டைத் தண்டின் வளைவு வலு விட்டத்தின் கன அளவாக உயரும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே காட்டிவிட்டார். சில மில்லிமீட்டர் தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே விடை. தண்டை மாற்றுவதுதான் முன்பக்க வேலைகளில் மிக அதிகப் பலன் தருவது. அதிர்ச்சியை இரண்டு மடங்காகக் கொண்டால் 25 மி.மீ. கூட எல்லையில்தான் நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல அலாய் ஸ்டீலில் கடைந்து, தண்டு தொடங்கும் மூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாக விட்டால் ஆயுள் கூடும்.

ஜாலான் புசார், கிச்சனர் சாலைப் பக்கம் உதிரிபாகக் கடைகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் பேரிங், 8.8 கிரேடு போல்ட் போன்றவை கிடைத்துவிடும். 2017 ஜூலையில் சுங்கை ரோடு சந்தை மூடப்படும்வரை பழைய சாமான்களுக்கும் இந்த வட்டாரமே பெயர் பெற்றிருந்தது. தண்டு கடைய லேத் வேண்டும். அதற்குச் சுங்கை காடுட் பக்கம் போக வேண்டும். பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு பேரிங் போடுவதும், நான்கு பிளை டயரை ஆறு பிளைக்கு மாற்றுவதும் எளிய வேலைகள். தயங்காமல் செய்யலாம்.

அச்சுக்கட்டைதான் சிக்கலான இடம். சில வண்டிகளில் அது வார்ப்பிரும்பு. பலர் அதன் அடியில் ஒரு பட்டையை வைத்து வெல்டிங் அடித்துவிட்டு, பலப்படுத்திவிட்டோம் என்கிறார்கள். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்காமல், தகுந்த ராடு இல்லாமல், மெதுவாக ஆறவிடாமல் பற்றவைத்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும். தகட்டால் செய்த அச்சுக்கட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டறை ஒன்றில் நான் பார்த்த அச்சுக்கட்டையில் 8 மி.மீ. பட்டையைக் கீழே நேர்த்தியாகப் பற்றவைத்திருந்தார்கள். வெல்டு வரி அழகாகவே இருந்தது. ஆனால் பட்டை இரு முனைகளிலும் சதுரமாக வெட்டப்பட்டு, குறுக்கு வெல்டோடு முடிந்திருந்தது. சரியாக அந்தக் குறுக்கு வெல்டின் விளிம்பில், பென்சிலால் கோடு கிழித்தாற்போல ஒரு விரிசல். அதிலிருந்து துரு கசிந்து பழுப்பாக இறங்கியிருந்தது. பலமான பகுதி திடீரென்று முடிந்து பலவீனமான பகுதி தொடங்கும் இடத்தில் தகைவு குவிகிறது. பட்டையின் முனையை மீன்வால்போல் கூராக்கி, முனையில் குறுக்கு வெல்டு போடாமல் விட்டிருந்தால் அது இன்னும் பல காலம் உழைத்திருக்கும். ஆண்டுக்கு 2000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இந்த ஈரத் தீவில் விரிசலுக்குள் துரு இறங்குவதற்கு நாட்கள் போதும்.

ஸ்டியரிங் பற்றிச் சுருக்கமாக. 160 கிலோவுக்குச் செய்த பற்சக்கரத்தை 520 கிலோவுக்குத் திருப்பினால் பல் தேயும், டை ராட் வளையும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஓட்டுநர் இரண்டு கையாலும் மல்லுக்கட்டுவார். நின்ற இடத்தில் திருப்பாமல், உருண்டுகொண்டே திருப்பப் பழக்க வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒருவர் சரியாகச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தண்டு 25 மி.மீ., பேரிங் புதிது, அச்சுக்கட்டை உறுதி, டயர் உறுதி. இப்போது முன்பக்கம் எதையும் தாங்கும். கேள்வி தீர்ந்ததா? கேள்வியின் கடினமான பகுதியே இங்கேதான் தொடங்குகிறது.

சிராங்கூன் சாலை ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தின் இடமாக இருந்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, லெம்பு சாலை என்ற பெயர்கள் அதை இன்னும் சொல்கின்றன. அங்கே வண்டி ஓட்டிய நம் முன்னோர்களுக்குப் பாரத்தைச் சமன்செய்யும் கணக்கு கைப்பழக்கமாகவே இருந்தது. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து வலிக்கும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். இரண்டும் சமமாக நிற்கும்படி மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்கள். மாட்டின் கழுத்துக்கு வலுவான நுகத்தடி வாங்கிவிட்டால் முன்பாரம் சரியாகிவிடும் என்று எந்த வண்டிக்காரரும் நினைத்ததில்லை. முன்னச்சை மட்டும் பலப்படுத்துகிறவர் செய்வது அதைத்தான்.

பின்னச்சில் 100 கிலோகூட இல்லை என்ற எண்ணுக்குத் திரும்புவோம். தோட்ட டிராக்டரில் பொதுவாக ஓட்டுவதும் பிரேக் பிடிப்பதும் பின்சக்கரங்கள்தான். அவற்றின் மேல் எடை இல்லையென்றால் நனைந்த புல்லில் வண்டி ஏறாது. அதைவிட மோசம், சரிவில் இறங்கும்போது பிரேக் பிடித்தாலும் நிற்காது. சரிவும் பிரேக்கும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் எடையை முன்னால் தள்ளும். பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினால் ஓட்டுநர் கையில் எதுவுமே இல்லை.

பக்கவாட்டில் நிலைமை இன்னும் நுட்பமானது, பலர் கவனிக்காததும் இதுதான். முன்னச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடுகிறது. ஆகவே வண்டி நான்கு சக்கரங்களின் மேல் நிற்பதுபோலத் தெரிந்தாலும், முன்னச்சு தன் தடுப்பில் போய் முட்டும்வரை, அது நிற்பது மூன்று புள்ளிகளின் மேல்தான்: இரண்டு பின்சக்கரங்கள், முன்னால் சென்டர் பின். இந்த மூன்றையும் இணைத்தால் முன்னால் கூராகக் குறுகும் முக்கோணம். வண்டியின் எடைமையம் இதற்குள் இருக்கும்வரை கவிழாது. பளு இல்லாதபோது எடைமையம் பின்பக்கம், முக்கோணம் அகலமாக இருக்கும் இடத்தில் இருக்கிறது. பின்சக்கரங்களுக்கு இடையே 80 செ.மீ. என்றால், அங்கிருந்து கவிழும் கோட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 24 செ.மீ. இருக்கிறது. ஏறக்குறைய ஒரு சாண். நம் 150 கிலோவைத் தூக்கியதும் எடைமையம் முன்னால், முக்கோணத்தின் கூரான பகுதிக்கு நகர்கிறது. அங்கே மிச்சமிருப்பது 6 செ.மீ.தான். ஒரு சாண் மூன்று விரற்கடையாகச் சுருங்கிவிட்டது. பளுவை மேலே உயர்த்தினால், சிறிய சாய்விலேயே எடைமையம் அந்த மூன்று விரற்கடையைத் தாண்டிவிடும்.

அச்சு மெலிந்ததாக இருந்திருந்தால் இந்த நிலைக்கு வருவதற்கு முன்பே சக்கரம் விரிந்து, வேலை நின்றிருக்கும். அச்சைப் பலப்படுத்தியவர் அந்த எச்சரிக்கையைத்தான் நீக்கியிருக்கிறார். இனி முதலில் தோற்கப்போவது வண்டியின் சமநிலை. அப்போது ஓட்டுநர் அதன் மேல் உட்கார்ந்திருப்பார்.

டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுநர் நசுங்குவது உலகம் முழுவதும் பழைய துயரம். புதிய டிராக்டர்களில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம் என்று சுவீடன் 1959இல் விதித்தது, சாவுகள் பெருமளவு குறைந்தன. அமெரிக்கா 1976இல், ஊழியர்கள் ஓட்டும் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு அதைக் கொண்டுவந்தது. தோட்ட டிராக்டர்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டன. அவற்றில் பலவற்றில் இன்றும் அந்தச் சட்டகம் இருப்பதில்லை.

அப்படியானால் சரியான வழி எது? இந்தத் துறையில் பழகியவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

ஒரு சாரார், முன்பக்கத்தைப் பலப்படுத்திவிட்டுத் தூக்குச் சட்டத்தைச் சேசிஸின் முன்முனையில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்வார்கள். மலிவானது, ஒரே நாளில் முடியும். ஆனால் முழு நெம்புவிசையும் மடித்த தகட்டின் முதல் சில அங்குலங்களில் விழுகிறது. போல்ட் துளை நீள்வட்டமாகும், தகடு கிழியும். நான் இதை ஏற்கமாட்டேன்.

இரண்டாம் சாரார் சப்ஃபிரேம் வேண்டும் என்பார்கள். தூக்குச் சட்டத்தின் தூண்களிலிருந்து வண்டியின் இருபுறமும் கெட்டியான சதுரக் குழாய் அல்லது சி சேனல் ஓடி, பின்னச்சு உறையோடு இணையும். வண்டியின் சேசிஸ் பளுவைச் சுமக்காது, சப்ஃபிரேம் சுமக்கும். வணிக முறையில் செய்யப்படும் முன்லோடர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் பொருத்தப்படுகின்றன. நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்கை லாரி மேல் ஏற்றுகிறவர்களும் நாமக்கல்லில் பாடி கட்டுகிறவர்களும், சேசிஸில் நேரடியாக வெல்டிங் வைக்காமல், நடுவே ஒரு சப்ஃபிரேமைப் படுக்கவைத்துச் சுமையைப் பரப்பும் வேலையில் கைதேர்ந்தவர்கள். சிங்கப்பூரில் எந்த லாரி கிரேனின் அடியில் குனிந்து பார்த்தாலும் கிரேனுக்கும் சேசிஸுக்கும் இடையே அந்தச் சட்டம் தெரியும். அந்த ஊர்களில் வெல்டிங் கற்று வந்தவர் எவரேனும் இந்தத் தோட்டங்களில் புல் வெட்டிக்கொண்டிருந்தால், அவரைக் கேட்காமல் இந்த வேலையைத் தொடங்குவது நஷ்டம்.

சப்ஃபிரேமும் முன்னச்சின் மேல் விழும் எடையைக் குறைக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 520 கிலோ 520ஆகவே இருக்கும். அதைக் குறைப்பது பின்பாரம் ஒன்றுதான். பின்னச்சுக்கு 60 செ.மீ. பின்னால் 100 கிலோ கான்கிரீட் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பின்னச்சில் கூடுவது 150 கிலோ. முன்னச்சில் 50 கிலோ குறைகிறது. முக்கோணத்தில் மிச்சமிருக்கும் இடம் 6 செ.மீ.யிலிருந்து 14 ஆகிறது. 100 கிலோ கான்கிரீட் என்பது 42 லிட்டர்தான், ஒரு பழைய டிரம்மில் அடங்கிவிடும். முன்னச்சுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த பலப்படுத்தல் வண்டியின் வாலில் இருக்கிறது.

பின்டயருக்குள் தண்ணீர் நிரப்புவதும் உதவும். குளிர்நாடுகளில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள், அது ரிம்மைத் தின்னும். இங்கே வெறும் தண்ணீரே போதும், தமிழ்நாட்டு வயல்களில் செய்வதுபோல முக்கால் பாகம் நிரப்பலாம். ஆனால் டயருக்குள் இருக்கும் எடை பின்னச்சின் நேர் மேலேயே நிற்பதால் முன்னச்சைத் தூக்கி இலகுவாக்காது. பின்னால் தொங்கும் பெட்டிதான் அதைச் செய்யும். பளு இல்லாமல் ஓடும்போது பின்னச்சில் 360 கிலோ நிற்கும். கியர் பெட்டி அதைத் தாங்குமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டே பெட்டியை மாட்ட வேண்டும். டயருக்குக் குறித்த சுமை அளவையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் சாரார் கேள்வியையே திருப்பிப் போடுகிறார்கள்: எதற்காக முன்னால் தூக்க வேண்டும்? ஹாரி ஃபெர்குசன் உருவாக்கி, 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரின் மூலம் உலகெங்கும் பரவிய மூன்றுமுனை இணைப்பு பின்னால்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் பளுவை எதிர்பார்த்துச் செய்த இடமும் அதுதான். பின்னச்சு கனமானது, அதன் டயர் பெரியது, அது ஆடுவதில்லை. பின்னால் தூக்கினால் எடைமையம் முக்கோணத்தின் அகலமான பக்கத்துக்கு நகர்கிறது. முன்சக்கரம் தூக்கிக்கொள்ளாமலிருக்க மூக்கில் சில எடைக்கட்டிகள் போதும், அதற்கு முன்னச்சை மாற்ற வேண்டியதில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்ட வேண்டும் என்பது உண்மையான சிரமம். நாள் முழுவதும் செய்கிறவருக்கு அது வலி. இருந்தாலும், மரக்கன்றை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதுதான் வேலை என்றால் நான் இந்தக் கட்சி. மண் அள்ள வேண்டும், கண்ணெதிரே உயரத்தில் கொட்ட வேண்டும் என்றால் மட்டும் முன்லோடர். அப்போதும் சப்ஃபிரேமும் பின்பாரமும் இல்லாமல் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஒருவர் தன் நிலத்தில் தனக்காகச் செய்துகொள்வது வேறு, ஊழியரை உட்காரவைத்து ஓட்டச்சொல்வது வேறு. சிங்கப்பூரில் இந்த வண்டிகள் பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே வரும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. முதலாளிக்கு மட்டுமன்றி, வேலையிட இயந்திரத்தைப் பொருத்துகிறவருக்கும் மாற்றியமைக்கிறவருக்கும் அது கடமை விதிக்கிறது. தூக்குச் சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்த பட்டறைக்காரர் கையைக் கழுவ முடியாது. பளுதூக்கும் இயந்திரங்களை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும், பாதுகாப்பான பளு அளவை அவற்றின் மேல் எழுதியிருக்க வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. இந்தச் சட்டத்தின் கீழுள்ள விதிகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 2024 ஜூனில் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பொதுச் சாலையில் ஓடும் வாகனத்தின் சேசிஸில் கைவைப்பதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் தனி. இவற்றையெல்லாம் தாண்டி எனக்குப் படுவது, லாரி கிரேனுக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் பயிற்சி, வழிகாட்டி, சுவரொட்டி என்று எல்லாம் இருக்கும்போது, தோட்டத்தில் கையால் செய்த ஃபோர்க் மாட்டிய சிறு டிராக்டர் யாருடைய கண்ணிலும் படாமல் போய்விடுகிறது என்பதுதான்.

இதைப் பெரிதுபடுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸில் தீத்தடுப்புப் பொருள் தயாரிக்கும் ஒரு பட்டறையில் கலவை இயந்திரத்தின் எண்ணெய் உறை வெடித்து 3 ஊழியர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பே அந்த இயந்திரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது, சிறு தீ எழுந்திருந்தது. இயந்திரம் எச்சரித்தது, வேலை நிற்கவில்லை. வேலையிட மரணங்கள் 2022இல் 46, 2023இல் 36, 2024இல் 43. வாகனங்களால் நேர்பவையும், கட்டமைப்பும் கருவியும் சரிவதால் நேர்பவையும் இவற்றின் முக்கியக் காரணங்களில் அடங்கும். வீட்டில் செய்த தூக்குச் சட்டத்தோடு ஓடும் டிராக்டர் இரண்டு வகையிலும் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கூடுகிறவர்களோடு பேசினால், இயந்திரங்களைப் பற்றிய அவர்களுடைய அறிவு வியக்கவைக்கும். எந்த வண்டியில் எந்த புஷ் தேய்ந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் பின்சக்கரம் இலகுவாகிறது என்பதை உடம்பால் அறிந்திருப்பார்கள். “தூக்கும்போது சீட்டு எழும்புது அண்ணே” என்று ஓட்டுகிறவர் சொன்னால், அது நான் மேலே போட்ட கணக்கு முழுவதற்கும் சமம். அதைச் சூப்பர்வைசரிடம் சொல்லத் தயங்குவதுதான் சிக்கல். வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும் ஊழியருக்கு, இந்த வண்டியை ஓட்டமாட்டேன் என்று சொல்வது எளிதல்ல. முன்னச்சை எப்படிப் பலப்படுத்துவது என்று கேட்கும் முதலாளி, ஓட்டுகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

சோதிக்கும் முறைக்குப் பெரிய செலவில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் அவருடைய எடைக்கு மணல்மூட்டை வைத்து, பின்சக்கரங்களை எடைமேடையின் மேல் ஏற்ற வேண்டும். பளுவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, 25 கிலோ 25 கிலோவாகக் கூட்டி, பின்னச்சின் எடையை ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நிற்கும் எடை மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். இந்த மூன்றில் ஒரு பங்கு என் கணிப்பு. சரிவான தோட்டமென்றால் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டும். அங்கே கிடைக்கும் எண்ணிலிருந்து அதிர்ச்சிக்காகப் பாதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதே அந்த வண்டியின் பளு. பரிசோதகர் வந்து பார்க்கும்போது அவர் கையில் கொடுக்க ஒரு தாளும் இருக்கும். பரிசோதகரின் வேலைக்கு இந்தச் சோதனை மாற்றல்ல.

அந்த எண் வண்டியின் மூக்கில், ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில், ஆங்கிலத்தோடு தமிழிலும் வங்காளத்திலும் எழுதப்பட வேண்டும். கட்டுமானப் பாதுகாப்பு அறிமுக வகுப்பே இங்கே தமிழில் நடக்கிறது. எனவே இது புதுமையான கோரிக்கை அல்ல. எண்ணுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி போதும்: பின்பாரப் பெட்டி மாட்டாமல் தூக்காதே, பளுவை உயர்த்தி ஓட்டாதே.